வாசகர் கேள்வி – பதில்: குளிரில் டர்ட் பைக்கைக் கிளப்புவதும் சூடேற்றுவதும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில், குளிர்ந்து கிடக்கும் டர்ட் பைக்கைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 125 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி. கார்புரேட்டர் உள்ளது, கிக்கர் மட்டுமே உண்டு. வெயில் ஏறிய பிறகு ஓரிரு உதையில் கிளம்பிவிடுகிற வண்டி, குளிரான காலையில் கால் ஓயும் வரை உதைத்தாலும் கிளம்புவதில்லை. சோக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரையும் கொஞ்சம் திருகிப் பிடித்துக்கொண்டுதான் உதைக்கிறேன். தவறு எங்கே?

பதில்: தவறு உங்கள் வலது கையில் இருக்கிறது. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் பிளக்கின் பொறி பட்டுப் பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் உலோகம் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டர் கொடுக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்செல்லும் பாதையின் சுவரிலேயே படிந்துவிடுவதால், பிளக் வரை போய்ச் சேரும் கலவை மெலிந்துபோகிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுப்பதுதான் சோக்கின் வேலை.

சோக் என்றதும் காற்றை அடைக்கும் ஒரு தகடு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இன்றைய டர்ட் பைக் கார்புரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது தனியான ஒரு சிறு பெட்ரோல் பாதை. குமிழை இழுத்தால் அந்தப் பாதை திறந்துகொள்ளும். அதன் வழியாகப் பெட்ரோலை இழுப்பது எஞ்சினின் உறிஞ்சும் விசை. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதுதான் அந்த விசை அங்கே பலமாக இருக்கும். நீங்கள் சிறிது திருகிய உடனே காற்று பெரிய வழியாக நுழைந்துவிடுவதால் விசை தளர்ந்து, சோக் பாதையில் பெட்ரோல் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதாவது இடது கையால் சோக்கைத் திறந்து வலது கையால் அதைச் செயலிழக்கச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள். பெட்ரோல் காக்கைத் திறந்து சற்றுப் பொறுங்கள். பல நாள் நின்ற வண்டியானால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலிருந்து வழியும் குழாயில் நாலு சொட்டு விழும் வரை வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நிமிர்த்துங்கள். கிண்ணம் நிரம்பிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். (அருகில் தீயோ சிகரெட்டோ இருக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.) பிறகு சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிக்கரை மூன்று நான்கு முறை மெதுவாக, மேலிருந்து அடிவரை அழுத்துங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கலவை நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை; முதலில் கிராங்க் அறைக்குள் நிரம்பி, அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. அந்த அறையை நிரப்புவதற்குத்தான் இந்த மெதுவான உதைகள். அதன் பிறகு கிக்கரைச் சற்று எதிர்ப்புத் தட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே மூச்சில் முழு உதையாக உதையுங்கள். பாதி உதைகள் பத்தைவிட முழு உதை ஒன்று மேல்.

இத்தனைக்கும் பற்றவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, பொறிதான் பலவீனம். புதுப் பிளக் போடுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றித் தேங்கிய நீரையும் பழைய பெட்ரோலையும் வடித்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், வாரக்கணக்கில் நின்ற வண்டியில் இது அடிக்கடி நேர்கிறது.

கேள்வி: நான் ஓட்டுவது கார்புரேட்டர் வைத்த 250 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக். குளிரில் ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது என்று ஒருவரும், நன்றாகத் திருகிவிட்டுத்தான் உதைக்க வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: இரண்டும் சரிதான், எப்போது என்பதில்தான் வேறுபாடு. இந்த வகை வண்டிகளின் கார்புரேட்டரில் பெரும்பாலும் ஒரு சிறு பம்ப் இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் அது பெட்ரோலைத் தாரையாக உள்ளே பீய்ச்சும். ஆகவே நல்ல குளிரில், உதைப்பதற்கு முன்பாக இரண்டு அல்லது மூன்று முறை முழுவதும் திருகி விடலாம். உதைக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டர் மூடியே இருக்க வேண்டும். காரணம் முந்தைய பதிலில் சொன்னதுதான். டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டர்களில் பொதுவாக இந்தப் பம்ப் இல்லை என்பதால், அவற்றில் எத்தனை முறை திருகினாலும் பயன் இல்லை.

திருகுவதிலும் அளவு வேண்டும். கிளம்பவில்லையே என்ற எரிச்சலில் மறுபடி மறுபடி திருகினால் பிளக் பெட்ரோலில் குளித்துவிடும். பிறகு பொறி எங்கே பாயும்? அப்படி ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் சோக்கை உள்ளே தள்ளிவிடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே முறை முழுவதும் திறந்து, கையை ஆட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை உதையுங்கள். கையை ஆட்டினால் பம்ப் இன்னும் பீய்ச்சும். இந்த உதைகளின்போது எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் முழு ஆக்சிலேட்டரில் எஞ்சின் திடீரென்று பற்றி, குளிர்ந்த நிலையிலேயே அலறத் தொடங்கும். உள்ளே இருந்த மிகைப் பெட்ரோல் வெளியேறிய பிறகு ஆக்சிலேட்டரை மூடி, வழக்கம்போல் உதையுங்கள்.

ஹேண்டில் பாரில் கிளட்ச் பக்கம் இருக்கும் சிறு ‘ஹாட் ஸ்டார்ட்’ நெம்புகோலைச் சிலர் குளிரில் இழுத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார்கள். அது கூடுதல் காற்றை விடுவதற்கானது. சூடான எஞ்சினில் பெட்ரோல் மிகும்போது உதவும். குளிரில் அதை இழுப்பது நேர்மாறான வேலை.

கேள்வி: என் வண்டி ஃப்யூவல் இன்ஜெக்ஷன், செல்ஃப் ஸ்டார்ட்டர் உண்டு, லித்தியம் பேட்டரி. குளிர் அதிகமான நாளில் செல்ஃப் அடித்தால் ஒரு முனகலோடு நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுப் புதிய பேட்டரி வாங்கிவிட வேண்டாம். குளிரில் எந்தப் பேட்டரியும் சோர்ந்துதான் போகும். உறைநிலையில் ஈய அமில பேட்டரி தன் தள்ளும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. லித்தியம் பேட்டரியின் குணம் வேறு: குளிரில் அதன் உள்மின்தடை கூடிவிடுவதால் முதல் முயற்சியில் செத்ததுபோல் தெரியும், ஆனால் மின்சாரம் பாயும்போது அதே மின்தடையால் உள்ளுக்குள் வெப்பம் பிறந்து, அடுத்தடுத்த முயற்சிகளில் தெம்பு திரும்பும். எனவே ஹெட்லைட் இருந்தால் அதை ஓரிரு நிமிடம் எரியவிடுங்கள். அல்லது செல்ஃபை இரண்டு மூன்று வினாடி மட்டும் அழுத்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி அழுத்துங்கள். மூன்றாம் முறை முதல் முறையைவிட வேகமாகச் சுழன்றால் பேட்டரியில் குறையில்லை. விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுட்டுவிடும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள். அதன் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து வெதுவெதுப்பான பிறகு சார்ஜ் போடுங்கள்.

ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியைக் கிளப்பும்போது ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் உணரிகள் வழியே அளந்து, எவ்வளவு பெட்ரோல் கூட்டவேண்டும் என்பதை வண்டியின் கணினியே முடிவுசெய்துகொள்கிறது. சில வண்டிகளில் சோக் போலவே ஒரு குமிழ் இருக்கும்; அது ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, கூட்டுவதற்கு மட்டுமே.

கேள்வி: வண்டி கிளம்பிவிட்டால் உடனே ஓட்டலாமா, சூடேற்ற வேண்டுமா? வேண்டும் என்றால் எத்தனை நிமிடம்? நன்றாக ரேஸ் செய்தால் சீக்கிரம் சூடாகும் அல்லவா?

பதில்: இந்தத் தொகுப்பில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். எஞ்சின் ஓடத் தொடங்குவது வேறு, ஓட்டுவதற்கு ஏற்றதாகச் சூடாவது வேறு. முன்னதற்குச் சோக் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

பிஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் வாயு நேராக அதன் தலையில் அறைவதால், கிளம்பிய சில வினாடிகளிலேயே அது சூடாகத் தொடங்கிவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள சிலிண்டரோ, குளிர்ந்த கூலன்டுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. சூடான அலுமினியம் விரியும்; எனவே பிஸ்டன் பெருக்கிறது, சிலிண்டர் அப்படியே இருக்கிறது. 125 சி.சி. மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்கின் விட்டம் பொதுவாக 54 மில்லிமீட்டர். அலுமினியப் பிஸ்டன் 100 பாகை செல்சியஸ் சூடேறினால் அந்த விட்டம் 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். அதே நேரத்தில் சிலிண்டர் 30 பாகை மட்டுமே ஏறியிருந்தால் அதன் விரிவு 0.03 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியே ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். கணக்கைப் போட்டுப் பாருங்கள், இடமே மிஞ்சுவதில்லை. எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசி, எஞ்சின் ஜாம் ஆகிவிடுகிறது. அப்படி ஜாம் ஆன பிஸ்டனை வெளியே எடுத்தால், பக்கச் சுவரில் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நான்கு இடங்களில் செங்குத்தாகக் கீறல் விழுந்திருப்பதைக் காணலாம். பிஸ்டன் பின்னைத் தாங்கும் தடித்த பகுதிகளை ஒட்டி விரிவு அதிகம் என்பதால் கீறல் அங்கே விழுகிறது. அந்த நான்கு கீறல்களைப் பார்த்ததுமே, கிளப்பிய கையோடு முறுக்கியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். வார்ப்புப் பிஸ்டனைவிட ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் அதிகம் விரியும் என்பதால், அதைப் போட்டவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இப்படி ஜாம் ஆவது குறைவு. ஆனால் அங்கே வேறு பிரச்சினை: குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் போன்ற மேல் பாகங்களுக்கு அது போய்ச் சேரத் தாமதமாகிறது. ரேஸ் செய்தால் சூடு சீக்கிரம் ஏறும் என்பது உண்மையே. பிஸ்டனில்தான் ஏறும், சிலிண்டரில் அல்ல. எது நடக்கக்கூடாதோ அதைத்தான் ரேஸ் செய்வது விரைவுபடுத்துகிறது.

எத்தனை நிமிடம் என்றால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் பதில். கிளம்பியதும் ஐடிலிங்குக்குச் சற்று மேலே நிற்கும்படி ஆக்சிலேட்டரை மிக மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டிருங்கள். ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தாதீர்கள். சோக் இல்லாமலே எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரிந்த உடனே சோக்கை உள்ளே தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் அது நேர்ந்துவிடும். சூடேறும் வரை சோக் இருக்கட்டும் என்று விட்டுவைத்தால் டூ ஸ்ட்ரோக்கில் பிளக் கறுத்து நனையும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இரண்டு ரேடியேட்டர்களும் கைக்கு நன்றாக வெதுவெதுப்பாகத் தெரியும்போது ஏறி உட்காரலாம். மிதமான குளிரில் இரண்டு மூன்று நிமிடம், கடுங்குளிரில் ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். மோட்டோகிராஸ் வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் பாகம்) கிடையாது. கூலன்ட் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருப்பதால்தான் இந்தத் தாமதம். கடுங்குளிரில் ரேடியேட்டரின் ஒரு பகுதியை டேப் ஒட்டி மறைப்பவர்கள் உண்டு; நல்ல வழிதான், ஆனால் பகலில் வெயில் ஏறியதும் பிரித்துவிட மறக்கக்கூடாது. காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரின் அடிப்பகுதித் தகடுகளைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகும் முதல் சில நிமிடங்கள் பாதி ஆக்சிலேட்டரைத் தாண்டாதீர்கள். கியர்பாக்ஸ் எண்ணெயும் ஷாக் அப்சார்பர் எண்ணெயும் நின்ற இடத்தில் சூடாவதில்லை, ஓடித்தான் சூடாகும்.

கேள்வி: வெளியே குளிர் தாங்கவில்லை. கொட்டகைக்குள் கதவை மூடிக்கொண்டு சூடேற்றலாமா?

பதில்: கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய இடத்தில் சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்திவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. வண்டியை வெளியே தள்ளிவந்து கிளப்புங்கள்.

கேள்வி: காலையில் முதல் கியர் போட்டதும், கிளட்ச்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே துள்ளி ஆஃப் ஆகிறது. கிளட்ச்சை மாற்ற வேண்டுமா?

பதில்: சூடான பிறகு சரியாகிவிடுகிறது என்றால் மாற்றத் தேவையில்லை. குளிர்ந்து கெட்டியான எண்ணெய், கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கிறது. கிளப்புவதற்கு முன் வண்டியைக் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளுங்கள். முதலில் இறுக்கமாக இருந்து, பிறகு சட்டென்று விடுபட்டுச் சக்கரம் தாராளமாக உருளுவது கைக்கே தெரியும். அதன் பிறகு நியூட்ரலுக்கு வந்து கிளப்புங்கள். உங்கள் வண்டிக்கான கையேடு அனுமதிக்கும் எண்ணெய்களில், ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் சிறியதாக இருப்பதைக் குளிர்காலத்தில் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். அந்த எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் குறிப்பது.

அதே நேரத்தில் ஆக்சிலேட்டரையும் சோதித்துவிடுங்கள். கழுவிய வண்டியின் கேபிளுக்குள் தங்கிய நீர் இரவில் உறைந்திருந்தால், திருகிய ஆக்சிலேட்டர் திரும்பி வராது. கிளப்பும் முன்பே ஒருமுறை திருகிவிட்டுப் பாருங்கள். ‘டக்’ என்று மூடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கோடையில் குறையில்லாமல் ஓடிய என் டூ ஸ்ட்ரோக், குளிர் வந்ததும் சூடேறிய பிறகும் ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது திணறுகிறது; விடும்போது ஐடிலிங் உடனே இறங்காமல் தொங்குகிறது. ஜெட் மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கும். (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பாகம்.) 30 பாகையில் இருக்கும் காற்றைவிட 0 பாகையில் இருக்கும் காற்று ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தி மிக்கது. ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குள் காற்று கூடுகிறது. கார்புரேட்டர் அதை உணர்ந்து பெட்ரோலை அதற்கேற்பக் கூட்டுவதில்லை. முதலில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே எங்கேனும் காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். அது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு என்பதால், உள்ளே போகப் போகக் கலவை செறிவாகும். எஞ்சினை ஒட்டி இருக்கும் திருகு பெரும்பாலும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் அதை வெளியே திருக வேண்டும். அதிலும் அடங்காவிட்டால் பைலட் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். முழு ஆக்சிலேட்டரிலும் பெட்ரோல் போதாதது தெரிந்தால் மெயின் ஜெட்டையும். ஓட்டி நிறுத்திய பிறகு பிளக்கின் பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இளம் பழுப்பாக இருந்தால் சரியாக இருக்கிறது. ஃபில்டரின் காற்று வழியை அடைத்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: என் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, மாதத்துக்கு மாதம் கிளம்பச் சிரமப்படுகிறது. இப்போது தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. எல்லோரும் குளிர்தான் காரணம் என்கிறார்கள்.

பதில்: குளிர் காரணமாக இருந்தால் வெயில் ஏறியதும் குணம் தெரிய வேண்டும். படிப்படியாக மோசமாகிக்கொண்டே வருகிறது என்பதால், டேப்பட் கிளியரன்ஸைத்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் எடை குறைவான டைட்டானியம் வால்வுகள் இருக்கின்றன. அவற்றின் முகம் தேயத் தேய, வால்வு தன் இருக்கைக்குள் மேலும் அமிழ்ந்து, இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுவதும் மூடாது. கிக்கர் வேகத்தில் கம்ப்ரெஷன் தங்காது. தள்ளிவிடும்போது கிளம்புவதற்குக் காரணம், எஞ்சின் அப்போது வேகமாகச் சுழல்வதால் கசிவதற்கு நேரம் கிடைக்காததுதான்.

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். உட்செல்லும் வால்வுகளைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வில்லை) மாற்றிச் சரிசெய்த பிறகு சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடி இறுகினால், வால்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஷிம் மாற்றிக்கொண்டே காலம் தள்ளினால், தேய்ந்த வால்வின் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும் அபாயம் இருக்கிறது. அளந்து சரிசெய்யும் வரை இந்த வண்டியைத் தள்ளிக் கிளப்பி ஓட்ட வேண்டாம்.